சாமிக்கு விட்ட ஸ்பார்க்

ஜூன் 3, திங்கள்

தினமும் பிரஷர் பார்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். போன வருஷம் பையன் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய மெஷின் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. எடுத்துத் தூசி தட்டினேன். எழுதுவதற்கு மனைவி விமலா ஒரு பழைய டைரியையும் கண்டுபிடித்துக் கொடுத்தாள். வெறும் எண்ணை மட்டும் எழுதினால் பக்கம் வீணாகப் போகிறது என்பதால் கூட நாலு வரி எழுதுகிறேன். மற்றபடி டைரி எழுதும் ஆளில்லை நான்.

"முதல்ல வர்ற ரீடிங்க விட்டுடுங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு வர்றத எழுதுங்க" என்றார் டாக்டர். இதை எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. பவுண்டரி லேபில் இருபது வருஷமாக நான் செய்வது அதைத்தான்.

எங்கள் பவுண்டரியில் பம்புக்கான இரும்பு வார்ப்புகள் ஊற்றுகிறோம். உலையில் இரும்பு உருகியதும் கரண்டியில் கொஞ்சம் மோந்து, காசு போல வட்டமாக ஊற்றி, ஆறவைத்து, ஒரு பக்கம் தேய்த்து லேபுக்குக் கொண்டுவருவார்கள். காயின் என்போம். அதை ஸ்பெக்ட்ரோ மெஷினில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு பொறி பறக்கும். அந்தப் பொறியின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்துக் கார்பன் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்று மெஷின் சொல்லிவிடும். அந்த எண் வரும் வரைக்கும் உலையில் இரும்பு கொதித்துக்கொண்டே காத்திருக்கும், கூடவே இரண்டு ஷிப்டிலும் உலையைப் பார்க்கும் ஆறுச்சாமியும் கொதித்துக்கொண்டிருப்பார்.

காலையில் மெஷின் மேல் தட்டு வைத்து ஒரு கற்பூரம் ஏற்றுவேன். ஒவ்வொரு காயினிலும் முதல் ஸ்பார்க் சாமிக்கு. அதை ஸ்கிரீனில் பார்க்காமலே அழித்துவிடுவேன். அடுத்த இரண்டுதான் ரிசல்ட். தாமோதரன் கை வைத்தால் கார்பன் பிசகாது என்று அரசூர் வரைக்கும் பேர் இருக்கிறது. நானாகச் சொல்லிக்கொள்வதில்லை, மற்றவர்கள் சொல்கிறார்கள்.

பிரஷர்: முதலில் வந்ததை விட்டேன். இரண்டாவது எடுக்கும்போது விமலா காபி டம்ளரை நங்கென்று வைத்தாள், அதுவும் கணக்கில் சேராது. மூன்றாவது 138/86. பரவாயில்லை.

ஜூன் 4, செவ்வாய்

சிறுவாணித் தண்ணீர் வந்தது. நாலு டிரம் தூக்கினேன். 136/88. தலை கொஞ்சம் பாரமாக இருந்தது, வெயில்தான்.

ஜூன் 6, வியாழன்

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. பம்பு கம்பெனிக்காரர்கள் ஒரு லாரி வார்ப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். மேல் பக்கமெல்லாம் கறுப்புக் கறுப்பாகக் கிராபைட் மிதந்து நிற்கிறது. இரும்பில் கார்பன் அதிகமாகிவிட்டால் இப்படித்தான் வரும். வெளி லேபில் கொடுத்துப் பார்த்ததில் கார்பன் அதிகம் என்றே ரிசல்ட் வந்திருக்கிறது.

ஆனால் நம் லேப் ரிசல்ட்டில் அன்றைக்குக் கார்பன் குறைவு என்று இருக்கிறது. குறைவு என்று லேப் சொன்னதால் ஆறுச்சாமி கரித்தூள் அள்ளிப் போட்டிருக்கிறார். சரியாக இருந்ததில் மேற்கொண்டு போட்டால் அதிகமாகாமல் என்ன ஆகும்?

திரும்பி வந்தது முழுக்க இரண்டாவது ஷிப்டில் ஊற்றியது. இரண்டாவது ஷிப்டில் லேபைப் பார்ப்பது புதிதாக வந்த அந்தம்மா. பேர் ரேணுகாதேவி, எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கல்யாணத்துக்கு முன் ஏதோ மில் லேபில் இருந்தாராம், நடுவில் ஒன்பது வருஷம் வேலைக்கே போகவில்லை. மாமனாருக்கு இரண்டு கிட்னியும் போய், வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார். மாமனார் காலமானதும் வேலை தேடி வந்தார். முதலாளி வெங்கிடுபதி மூன்று மாதம் டிரையல் பார்க்கலாம் என்று எடுத்தார். அந்த மூன்று மாதம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

"ஒம்பது வருசம் சோறாக்கிட்டு இருந்தவங்கள ஸ்பெக்ட்ரோவுல உக்கார வெச்சா இப்பிடித்தானுங்க சார்" என்றார் ஆறுச்சாமி. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டியிருப்பேன்.

134/84. நாலாவது தடவை.

ஜூன் 8, சனி

மெஷின் கம்பெனியிலிருந்து சர்வீஸ் இன்ஜினீயர் வந்தார். எதில் எவ்வளவு என்று ஏற்கெனவே அளந்து கொண்டுவந்திருந்த தரக் காயினை வைத்து மடமடவென்று ஸ்பார்க் அடித்துத் தள்ளினார். எல்லாம் அச்சு மாதிரி ஒரே எண். "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார், ஆள்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, அன்னபூர்ணா ஓட்டல் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

மெஷின் பாஸ். அப்படியென்றால் அந்தம்மா ஃபெயில். முதலாளி என்னிடம், "ஏந் தாமு, ஒன்ன மாதிரி கையி எல்லாருக்கும் வருமா?" என்றார். மனசுக்குள் கொஞ்சம் குளிரத்தான் செய்தது. பொய் சொல்வானேன்.

ஜூன் 10, திங்கள்

ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்தம்மா வந்து நின்றார். வழக்கமாக "வர்றேனுங்க" என்பதோடு சரி. இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. நான் சேந்த அன்னைக்கு எத்தன ஸ்பார்க் எடுப்பீங்கன்னு கேட்டேன். ரெண்டுன்னீங்க."

"ஆமா, ரெண்டுதான்."

"நான் மூணு எடுத்து சராசரி போடறேனுங்க. ரெண்டவிட மூணு நல்லதுன்னுதான். அதுல முதல்ல வர்றது மட்டும் பல நாள் கொஞ்சம் எறங்கியே வருது. உங்களுக்கு அப்பிடி வந்துருக்குங்களா?"

"எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. காயின ஒழுங்காத் தேய்ச்சிருக்க மாட்டீங்க. தேய்ப்பு சரியில்லைனா அப்படித்தான் காட்டும்."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. எனக்கு வந்ததே இல்லை.

அவர் மேஜையிலிருந்த ஒரு காயினை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இந்த வேல போச்சுன்னா மறுபடி யாரும் எடுக்க மாட்டாங்க சார். ஒம்பது வருசம் சும்மா இருந்தத ஒருத்தரு மன்னிச்சு எடுத்தாரு. தப்பு ரிசல்ட்டு குடுத்தவள்னு பேரு வந்துட்டா கோயமுத்தூருல ஒரு பவுண்டரியும் வாசப்படி ஏற உடாது" என்றார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து போய்க் கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து மெஷின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் அந்தத் துணி ஞாபகத்தில் இருந்தது. வெள்ளைப் பருத்தித் துணி, ஓரம் தைத்தது. லேபுக்கு என்று வீட்டிலிருந்து தைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

பிரஷர் பார்க்கவில்லை. மெஷினில் பேட்டரி குறைவு.

ஜூன் 11, செவ்வாய்

பேட்டரி போட்டேன். 140/90. தண்ணீர் வரவில்லை, முனிசிபாலிட்டிக்காரனைத் திட்டிக்கொண்டே பார்த்ததால் இப்படி.

ஜூன் 12, புதன்

வெங்காய மண்டியில் விமலாவை இறக்கிவிட்டு லேபுக்குப் போனால், மேஜை மேல் காயின்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் கண்ணாடி போலத் தேய்த்தது. முகம் பார்க்கலாம். நேற்று ஷிப்ட் முடிந்த பிறகும் ரேணுகாதேவி உட்கார்ந்து தேய்த்தாராம். கைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததாக வாட்ச்மேன் சொன்னார்.

அவ்வளவு தேய்த்தும் நேற்றும் கார்பன் குறைத்துத்தான் காட்டியிருக்கிறது. இந்தத் தடவை ஆறுச்சாமி கரித்தூள் போடாமல் அடம்பிடித்ததால் வார்ப்பு தப்பியது. அவர் அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதலாளி சனிக்கிழமை பேசி முடித்துவிடலாம் என்கிறார். முடிப்பது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காயின்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இருபது வருஷத்தில் இப்படி ஒரு தேய்ப்பை நான் பார்த்ததில்லை. நான் தேய்த்ததும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்படியானால் தேய்ப்பில் குறை இல்லை. நான் திங்கட்கிழமை சொன்னது தப்பு. சரி, தப்பாகவே இருக்கட்டும், அதற்கு நான் என்ன செய்வது.

139/88. ஐந்தாவது.

ஜூன் 13, வியாழன்

இன்று நடந்ததை விவரமாக எழுத வேண்டும்.

காலை ஷிப்டுக்கு நான் கேட் திறக்கும்போதே ரேணுகாதேவி நிற்கிறார். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். "உங்க ஷிப்டுல ஒரு ஓரமா உக்காந்து பாத்துக்கறனுங்க சார். தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, உட்காருங்கள் என்றேன்.

கற்பூரம் ஏற்றினேன். ஆறுச்சாமி அனுப்பிய முதல் காயினை வைத்தேன். சாமி ஸ்பார்க் அடித்தேன், அழித்தேன். அடுத்த இரண்டு அடித்தேன். ரிசல்ட்டை உலைக்குச் சொன்னேன்.

"சார், முதல்ல ஒண்ணு அடிச்சீங்களே, அது என்னங்க?"

"அது சாமிக்கு."

"சாமிக்குங்களா?"

"ஆமா, நான் சேர்ந்ததுல இருந்தே. அது கணக்கில வராது."

"எல்லாக் காயினுக்குமா சார்?"

"எல்லாத்துக்கும்தான். சாமிக்குக் குடுக்காம நாம எப்படி எடுக்கறது?"

அவர் சிரிக்கவில்லை. இதை எழுதி வைக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். நிதானமாக, "அந்த சாமி ஸ்பார்க்குல என்ன நம்பர் வருதுங்க சார்?" என்றார்.

"யாருக்குத் தெரியும்? சாமிக்கு விட்டத யாராவது எட்டிப் பார்ப்பாங்களா?"

"அடுத்த காயினுக்கு, அழிக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ நான் பாத்துக்கறனுங்க. சாமி கோவிச்சுக்காது."

அடுத்த காயின் வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்ததும் வைத்து அடித்தேன். கை அழிக்கும் பொத்தானுக்குப் போனது. நிறுத்தினேன். இருவரும் ஸ்கிரீனைப் பார்த்தோம்.

கார்பன் இறங்கியிருந்தது. அடுத்த ஸ்பார்க்கில் சரியாக வந்தது. அதற்கடுத்ததிலும் சரி.

எனக்கும் அதே மாதிரிதான் வருகிறது. தினமும் வந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

அந்தம்மா, ரேணுகாதேவி, என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் தொட்டுக் காட்டினார். "கார்பன் மட்டும் இல்லீங்க சார். இங்க பாருங்க. பாஸ்பரஸ், சல்பர் ரெண்டும் அதே அளவுக்கு எறங்கியிருக்கு. சிலிக்கான், மாங்கனீசு ரெண்டும் இம்மி நகரல. என் ஷிப்டுலயும் இப்பிடியேதானுங்க. இந்த மூணுக்கும் மட்டும் என்ன சொந்தம்னு மூணு நாளா மண்டைய ஒடச்சுக்கறேன்."

அதற்கு விடை எனக்குத் தெரியும். அந்த மூன்றின் வெளிச்சமும் காற்றில் கரைந்துவிடும், அதனால் காற்றை உறிஞ்சிய தனி அறை ஒன்று அவற்றுக்கு உண்டு. மற்றவற்றுக்கு வேறு அறை. சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அந்த ரூமுக்கு வாசல் இருக்குங்களா?"

"ஒரு கண்ணாடி ஜன்னல். அதுக்கு முன்னால ஒரு ஷட்டர்."

"அப்ப ஷட்டர் முழுசாத் தொறக்கலைங்க சார்" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். எனக்குத்தான் கத்த வேண்டும் போல இருந்தது.

இரண்டு வரியில் கண்டுபிடித்துவிட்டார். சர்வீஸ் இன்ஜினீயர் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். அந்த மனிதர் இடைவெளி விடாமல் அடித்தார். மெஷின் சும்மா இருந்துவிட்டு எழும்போதுதான் ஷட்டர் மக்கர் செய்கிறது. முதல் தடவை சோம்பல், அப்புறம் சுறுசுறுப்பு. முதல் ஸ்பார்க்கை அவரும் சூடேற்றுவதற்கென்று விட்டிருப்பார்.

பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

நாளைக்கு முதலாளியிடம் காட்ட வேண்டும் என்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நம்பரைக் காட்டினால் ஆறுச்சாமி, கை சரியில்லாததால் வந்த நம்பர் என்பார். அதனால் மெஷினைத் திறந்தோம்.

ஷட்டர் என்றால் கடை ஷட்டர் போலத்தான், வேலை இருக்கும்போது திறக்க வேண்டும், இல்லாதபோது மூட வேண்டும். ஆனால் நகத்தளவு தகடு. கண்ணிமைக்கும் முன் திறந்து மூடிவிடும். அது பாதி திறக்கிறதா முழுக்கத் திறக்கிறதா என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. நான் பூதக் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தேன். ரேணுகாதேவி செல்போனை எடுத்து, மெதுவாக ஓடும் வீடியோவில் வைத்து, இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவில் செருகினார். மெஷினை வேலையில்லாமல் விட்டுவிட்டு இருவரும் டீ குடித்தோம். ஸ்பார்க் இல்லாமல் ஷட்டரை மட்டும் இயக்கிப் பார்க்க மெஷினில் வழி உண்டு. வந்து அதை அழுத்தினோம்.

வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். முதல் தடவை தகடு எழுந்திருக்கிறது, பாதியில் நிற்கிறது, படுக்கையை விட்டு எழ மனசில்லாத மனிதனைப் போல யோசிக்கிறது, மூடிக்கொள்கிறது. இரண்டாவது தடவை சடாரென்று முழுசாகத் திறக்கிறது. இருபது வருஷம் இந்த மெஷினோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதன் இமை அசைவதை இன்றைக்குத்தான் பார்த்தேன். காட்டியது நான் ஃபெயில் என்று நினைத்த ஆள்.

ஏன் ஒட்டுகிறது? தகடு மடங்கும் கீலில் பிசுபிசுவென்று கறுப்பாக ஏதோ. பஞ்சில் தொட்டு எடுத்து முகர்ந்து பார்த்தார். என் பக்கம் நீட்டினார். முகர்ந்தேன். கோயில் வாசனை.

பக்கத்தில்தான் மெஷினின் விசிறி காற்றை உள்ளே இழுக்கும் ஓட்டை. அதற்கு நேர் மேலே என் கற்பூரத் தட்டு.

தட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர்தான் பேசினார். "சாமி படத்த அந்தச் செவுத்துல மாட்டிக்கலாங்க சார். கற்பூரத்த அங்க வெச்சுக்கலாம். மெஷினுக்குக் குங்குமம் போதும்." அவ்வளவுதான் சொன்னார். உங்களால்தான் எனக்கு இந்தக் கதி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் தொட்டுக் கீலைத் துடைக்க ஆரம்பித்தார். குழந்தைக்குக் காது துடைப்பது போல அவ்வளவு பதனம். நான் டார்ச் பிடித்தேன்.

டார்ச் இல்லாத கையால் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பார்த்துவிட்டார். "தல வலிக்குதுங்களா சார்?" என்றார். வெயில் என்றேன். லேபில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

"பிரஷர் பாக்கறீங்களா?"

"தினமும் பார்த்து எழுதறேன். நூத்தி முப்பத்தெட்டு, நாப்பது."

துடைத்துக்கொண்டே சொன்னார், "எங்க மாமனாரும் எழுதி வெப்பாருங்க. நல்ல நம்பர் வர்ற வரைக்கும் பொத்தான அமுக்கிட்டே இருப்பாரு. வந்ததும் எழுதிட்டு டாக்டர்கிட்டக் காட்டுவாரு. டாக்டரும் பேஷ்னு அனுப்பிருவாரு. நானும் ரொம்ப நாள் கண்டுபிடிக்கல. கிட்னி போனப்பறந்தான் தெரிஞ்சுது."

பாவம், அவர் மாமனார். பிடிவாதக்கார மனிதராக இருந்திருப்பார் போலிருக்கிறது.

இன்று பிரஷர் எழுதவில்லை.

ஜூன் 15, சனி

முதலாளி அறை. முதலாளி, ஆறுச்சாமி, ரேணுகாதேவி, நான்.

துடைப்பதற்கு முன் எடுத்த வீடியோவையும் துடைத்த பின் எடுத்ததையும் ரேணுகாதேவி காட்டினார். கார்பன், பாஸ்பரஸ், சல்பர் மூன்றும் சேர்ந்து இறங்குவதை விளக்கினார். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. முதலாளி இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். ஆறுச்சாமி கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

பிறகு முதலாளி கேட்டார். கேட்பார் என்று எனக்கு நேற்றே தெரியும். "எல்லாஞ் சரிம்மா. ஷட்டரு ஒட்டுது, கார்பன் கொறையுது. ஆனா மெஷின் ஒண்ணுதான? தாமு ஷிப்டுல மட்டும் ஏன் ஒட்டல?"

பதில் ரேணுகாதேவி கையிலேயே இருந்தது. ஒரு வரி சொன்னால் போதும், வேலை நிலைக்கும். அவர் முதலாளியைப் பார்த்து, "என் ஷிப்டப் பத்தித்தானுங்க எனக்குச் சொல்ல முடியும்" என்றார்.

"அதுதான் தாமு சார் கையிங்க மொதலாளி" என்றார் ஆறுச்சாமி. மனிதர் அன்பாகத்தான் சொன்னார்.

அந்த நிமிஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். அரசூர் வரைக்கும் இருக்கும் பேர் அப்படியே இருந்திருக்கும். வீடியோவைப் பற்றி நாலு நாள் பேசிவிட்டு, சந்தேகத்தோடேயே அவரை அனுப்பியிருப்பார்கள். இதையெல்லாம் யோசித்தேனா என்றால், யோசித்தேன். பக்கத்தில் அவர் மடியில் அந்த வெள்ளைத் துணி மடித்தபடி இருந்தது. கீல் கறுப்பு ஒட்டிய இடம் உள்பக்கம் போகும்படி மடித்திருந்தார்.

"கையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன். "எனக்கும் ஒட்டுச்சு. நான் முதல் ஸ்பார்க்க சாமிக்குன்னு பார்க்காமலே அழிச்சிருவேன். இவங்க எத்தனை எடுப்பீங்கன்னு கேட்டப்பவும் அதைச் சொல்லல. கணக்குலயே வராத ஒண்ண எதுக்குச் சொல்றதுன்னு இருந்துட்டேன். ஷட்டர்ல ஒட்டினது நான் ஏத்தின கற்பூரம். இவங்க குடுத்த ரிசல்ட் மெஷின் குடுத்த ரிசல்ட்டுங்க. ஒளிக்காம குடுத்தாங்க."

முதலாளி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "எத்தன நாளா ஒட்டுது தாமு?"

"தெரியாதுங்க. பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

செல்போனை மேஜையில் தள்ளி வைத்தார். பிறகு அவர் ரேணுகாதேவியிடம், "நீங்களே சொல்லியிருக்கலாமேம்மா, ஒங்க பொழப்பில்ல இது?" என்றார்.

"சார் சொல்லுவாருன்னு தெரியுங்க" என்றார் ரேணுகா மேடம்.

எனக்கே தெரியாது. வாயைத் திறக்கிற வரைக்கும் எனக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது? மெஷினைப் பார்க்கிற கண்ணாலேயே மனிதனையும் பார்க்கிறார். மெஷினுக்காவது மூடியைத் திறக்க வேண்டியிருந்தது.

டிரையல் முடிந்தது, வேலை உறுதி. திங்கட்கிழமை முதல் காலை ஷிப்ட் அவருக்கு. "நீ கொஞ்ச நாளைக்கு மத்தியானம் வா தாமு" என்றார் முதலாளி. தண்டனையா என்று கேட்கவில்லை. வெளியே வந்ததும் ஆறுச்சாமி தலையைச் சொறிந்துகொண்டு மேடத்தின் முன் நின்றார். "அன்னைக்கு என்னென்னமோ பேசிப்போட்டனுங்க" என்றார். "கரித்தூள் போடாம அடம்புடிச்சீங்களே, அதுக்கு நாந்தானுங்க நன்றி சொல்லோணும்" என்றார் அவர். ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் மாற்றினேன். குனிந்து நிமிர்ந்தபோது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. விமலா பார்த்துவிட்டாள். பிரஷர் எவ்வளவு என்றாள். டைரியைக் காட்டினேன். நூற்று முப்பத்துச் சொச்சமாக இருக்கிறதே, பிறகு ஏன் சுவரைப் பிடிக்கிறீர்கள் என்றாள்.

அவளுக்குப் பதில் சொல்லவில்லை. கத்தரிக்காய்ப் பொரியல் உப்பில்லாமல் இருந்தது, அதையும் சொல்லவில்லை.

ஜூன் 17, திங்கள்

காலையில் போன். ரேணுகா மேடம். பின்னால் உலைச் சத்தம்.

"சார், முதல் காயின் அடிச்சுட்டனுங்க. முதல் ஸ்பார்க்கே சரியா வந்துருக்கு. கார்பன், பாஸ்பரஸ், சல்பர் மூணும். உங்களுக்குத்தான் முதல்ல சொல்லோணும்னு கூப்புட்டேன்."

"சாமி படம்?"

"செவுத்துல மாட்டியாச்சுங்க. கற்பூரம் ஏத்திட்டுத்தானுங்க மெஷினப் போட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க மத்தியானந்தான வர்றீங்க? காலைல டாக்டரப் பாத்துட்டு வந்துருங்க சார்" என்றார்.

போனை வைத்துவிட்டு மேஜையருகில் உட்கார்ந்தேன். கையை அசைக்கவில்லை. விமலாவிடம் டம்ளரை வைக்க வேண்டாம் என்றேன்.

முதலில் வந்தது 176/104. ஐந்து நிமிடம் கழித்து 172/102. மூன்றாவது எடுக்கவில்லை. முன்னால் எழுதியவை எல்லாம் மூன்றாவதும் நாலாவதும் ஐந்தாவதும்தான் என்று, குறிக்காமல் விட்ட இடங்களிலும் குறித்திருக்கிறேன், டாக்டர் பார்க்கட்டும். விமலா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.